பிள்ளைக் காம்பராவில் எழுதிய நாவல்

போன மாதம் ஹட்டனில் ஒரு பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தோட்டங்களில் சிறுபிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இளம் உத்தியோகத்தர்களுக்கான வகுப்பு அது. நான் வேலை பார்த்த காலத்தில் இதற்கு உத்தியோகம் என்று பெயர் கிடையாது. எங்களை ஆயம்மா என்பார்கள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அந்த இடத்தைப் பிள்ளைக் காம்பரா என்பார்கள். இப்போது இடத்துக்கு நீளமான பெயர் வந்திருக்கிறது, சுவரில் வர்ணப் படங்கள் வந்திருக்கின்றன, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் குறிப்புக் கோவை வந்திருக்கிறது. அன்று பேச்செல்லாம் அந்தக் கோவைகளைப் பற்றித்தான்.

"ஒரு புள்ளைக்கு மாசம் நாலு பக்கம் எழுதணுமாம். எழுதுறதுக்கு எங்கங்க நேரம்?" என்று ஒரு பெண் சலித்துக்கொண்டாள்.

வகுப்பை நடத்திய அம்மா என்னைக் கையால் காட்டினார். "இந்தா இருக்காங்களே பரமேஸ்வரியம்மா, இவங்க முப்பத்தொரு நாள்ல ஒரு நாவலே எழுதினவங்க. காம்பராவுல வேலை பார்த்துக்கிட்டே."

அத்தனை முகமும் ஒன்றாகத் திரும்பியது. பத்து நிமிடத்தில் எதையோ சொல்லி முடித்தேன். கை தட்டினார்கள். திரும்பி பஸ்ஸில் வரும்போதுதான் சொல்லாமல் விட்டவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முக்கியமாக, சொல்ல வெட்கப்பட்டு விட்ட விஷயம் ஒன்று இருந்தது. அதனால் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறேன்.

கொட்டகலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள் நான். சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு நல்ல பெறுபேறு. கணக்கில் இரண்டு முறை தோற்றேன். இரண்டு வருடம் கொழுந்து பறித்தேன். பிறகு பிள்ளைக் காம்பராவில் ஆள் குறைந்தபோது, எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னைப் போட்டார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மூன்று வாரப் பயிற்சி. பால் கோப்பையைக் கொதிநீரில் எவ்வளவு நேரம் போடுவது, பிள்ளையின் காய்ச்சலைப் புறங்கையால் எப்படிப் பார்ப்பது, நிறை பார்க்கும் தராசில் முள் நிற்கும் வரை எப்படிப் பொறுத்திருப்பது, இவ்வளவுதான். மிச்சத்தைப் பிள்ளைகள் கற்றுக்கொடுத்தன.

காலை ஆறே முக்காலுக்குக் கதவைத் திறப்பேன். பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெயர் கொடுத்துவிட்டுத் தாய்மார் வரிசையாக வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் வாங்கும்போதே தலை, கழுத்து, வயிறு என்று தொட்டுப் பார்க்க வேண்டும். "ராத்திரி தூங்குச்சா? வெளிய போச்சா? என்னா சாப்புட்டுச்சு?" என்ற மூன்று கேள்வியையும் கேட்காமல் பிள்ளையை இறக்கக் கூடாது. கூரையின் குறுக்குச் சட்டத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு. ஒன்பதரைக்குப் பால் கொடுக்கத் தாய்மார் மலையிலிருந்து ஓடி வருவார்கள். பதினொன்றுக்குச் சத்துமாக் கஞ்சி. பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரை தூக்கம். நாலரைக்கு ஒவ்வொருத்தியாக வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். உதவிக்கு அந்தோனியம்மா இருந்தாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இரண்டு இடுப்பிலும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மூன்றாவதற்குக் கஞ்சி ஊட்டுவாள்.

எங்களுக்கு மேலே டொக்டரையா. சிவப்பிரகாசம் என்று பெயர், யாழ்ப்பாணத்து மனிதர். தோட்டத்து வைத்தியப் பொறுப்பாளராக வந்து இருபது வருடமாகிவிட்டது. ஆனால் அவர் பேச்சில் எங்கள் மலையின் ஒரு சொல்கூட ஒட்டவில்லை. செவ்வாயும் வெள்ளியும் காம்பராவைப் பார்க்க வருவார். வந்தவுடன் உள்ளே நுழைய மாட்டார். வாசலில் நின்று ஒரு நிமிடம் மூக்கால் பார்ப்பார். பால் புளித்த வாடையோ ஈரத் துணி வாடையோ இருந்தால் அங்கிருந்தே கண்டுபிடித்துவிடுவார். பிறகு கை கழுவுவார். கோப்பைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கடைசியில் தினக்குறிப்புப் புத்தகத்தை விரித்துச் சிவப்புப் பேனையால் ஏதாவது எழுதுவார். குறை எதுவும் இல்லாவிட்டால் 'கண்டேன்' என்று ஒரே சொல். 'நன்று' என்று அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை.

என்மேல் அவருக்கு ஒரு குறை தீரவே இல்லை. நான் குறிப்பை நீளமாக எழுதுவேன். 'ஏழாம் தொட்டில் பால் குடிக்கவில்லை' என்று எழுதினால் போதும். எனக்கு அது போதாது. ஏன் குடிக்கவில்லை, தாய் காலையில் என்ன முகத்தோடு வந்தாள், பிள்ளை கதவையே பார்த்துக்கொண்டிருந்தது எப்படி என்றெல்லாம் கை தானாக எழுதிக்கொண்டு போகும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு வெள்ளிக்கிழமை டொக்டரையா புத்தகத்தை மேசையில் போட்டார்.

"நீர் எழுதுறது அறிக்கையோ, கதையோ?"

நான் புத்தகத்தை எடுத்து நேராக வைத்தேன்.

"பிள்ளை பால் குடிச்சதோ இல்லையோ எண்டுதான் நான் கேட்டனான். தேப்பன் வீட்டிலை சண்டை பிடிச்சதை நான் ஏன் வாசிக்கவேணும்? கதை எழுத ஆசையெண்டால் கொப்பி வாங்கி வீட்டிலை எழுதும். இது தோட்டத்தின்ரை புத்தகம்."

முகம் சுட்டது. அந்தோனியம்மா பின்னால் நின்று பிள்ளையைத் தட்டுவதுபோல் என் முதுகைத் தட்டினாள்.

அடுத்த செவ்வாய் மாதத்தின் முதல் நாள். வந்தவர் வழக்கப்படி எல்லாம் பார்த்து முடித்தார். சட்டைப் பையிலிருந்து பத்திரிகைத் துண்டொன்றை எடுத்து மேசையில் வைத்தார். கண்டியில் இருக்கும் ஓர் இலக்கிய அமைப்பு நாவல் போட்டி வைத்திருந்தது. மலையகத்து வாழ்க்கையைச் சொல்லும் நாவல். நூற்றைம்பது கையெழுத்துப் பக்கத்துக்குக் குறையக் கூடாது. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி இரண்டு பிரதி கொடுக்க வேண்டும். மாதக் கடைசி நாள் மாலை நான்கு மணியோடு முடிவு.

"பழைய பேப்பர். நேற்றுத்தான் கண்ணிலை பட்டது," என்றார். "முப்பத்தொரு நாள் கிடக்கு. நூற்றைம்பது பக்கம். வேலையும் பாத்து, வீடும் பாத்து... உம்மாலை ஏலாது. சும்மா காட்டினனான்."

உதவி செய்ய வந்தாரா, குத்திக் காட்ட வந்தாரா என்று எனக்கு அன்று பிடிபடவில்லை. ஆனால் 'ஏலாது' என்ற சொல் எனக்குப் பழக்கமான சொல். கணக்கு வாத்தியார் சொன்னது. மாமியார் சொன்னது. கேட்டுக் கேட்டு அதன்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு.

"ஏலும்ங்க ஐயா," என்றேன். "ஏலலைன்னா நானே வந்து சொல்லிப்புடுறேன்."

மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "தூக்க நேரத்திலை எழுதுறதெண்டால் எழுதும். அந்தோனியம்மாவும் இருக்கிறா. ஆனால் ஒரு பிள்ளையின்ரை மூக்கு ஒழுகினாலும் முதலிலை கொப்பியை மூடவேணும். விளங்குதோ?"

"விளங்குதுங்க."

அன்று மாலை கொட்டகலைக் கடைத்தெருவில் மூன்று எண்பது பக்கக் கொப்பியும் இரண்டு பென்சிலும் வாங்கினேன். என் கணவர் முத்துவேல் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் பகுதியில் வேலை. கொப்பிகளைப் பார்த்துவிட்டு, "என்னா, மகளுங்களுக்கா?" என்றார்.

"எனக்குங்க. நாவல் எழுதப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"இந்த மாசம் முச்சூடும்."

அடுப்புப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அப்ப சோத்தை நான் வடிக்கிறேன்," என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது. அந்த மாதம் எங்கள் வீட்டில் சோறு ஒன்று குழைந்திருக்கும், இல்லாவிட்டால் விறைத்திருக்கும். இரண்டு மகள்களும் வாய் திறக்கவில்லை. அவர் அப்படி மிரட்டி வைத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

எதைப் பற்றி எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அந்த வருடங்களில் தோட்டத்துப் பெண்கள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். ஒன்பது மாதப் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு இரண்டு வருடத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள். அப்படி ஒருத்திக்குப் பவளம் என்று பெயர் வைத்தேன். அவள் பிள்ளை பன்னிரண்டாம் தொட்டிலில் கிடக்கும். ஓர் ஆயம்மா அதை வளர்ப்பாள். தாய் திரும்பி வரும்போது பிள்ளை யாரை அம்மா என்று கூப்பிடும்? அதுதான் கதை. 'பன்னிரண்டாம் தொட்டில்' என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். அதற்குமேல் முதல் நாள் ஒரு வரியும் வரவில்லை.

இரண்டாம் நாள் இரண்டு பக்கம் எழுதி இரண்டையும் அடித்தேன். மூன்றாம் நாள் ஒரு பக்கம் எழுதினேன். அதைத் திருப்பி வாசித்தால், நான் பள்ளிக்கூடத்தில் எழுதிய 'காலைக் காட்சி' கட்டுரை மாதிரி இருந்தது. நாலாம் நாள் எனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். எழுதியதைத் திரும்ப வாசிப்பதில்லை. அழிப்பதில்லை. ஒரு சொல் வராவிட்டால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போவது. பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரை மூன்று பக்கம். பிள்ளைகள் போன பிறகு, வெளிச்சம் இருக்கும் மட்டும் காம்பராப் படியில் உட்கார்ந்து இன்னும் மூன்று பக்கம். ஞாயிறென்றால் காலையிலேயே படியில் உட்கார்ந்துவிடுவேன். காம்பரா வேலை எனக்கு இதில் கைகொடுத்தது. முப்பத்திரண்டு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டுகிறவள் ஒவ்வொரு வாயும் அழகாகப் போனதா என்று நின்று பார்க்க முடியாது. அடுத்த வாய்க்குப் போய்விட வேண்டும்.

அந்தோனியம்மா ஒவ்வொரு நாளும் தூக்க நேரம் முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

"இன்னைக்கு என்னா நடந்துச்சு?"

நான் அன்றைக்கு எழுதியதைச் சுருக்கமாகச் சொல்வேன். முகத்தைக் கோணினால் அந்த இடம் சரியில்லை. பிள்ளையைத் தட்டும் கை நின்றால் சரியாக வந்திருக்கிறது. பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ அவள் கேட்டாள்: "ஆமா, அந்தப் பவளத்தோட புருசன் என்னா ஆனான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் அத்தியாயத்தில் அவனை லயத்து வாசலில் நிற்க வைத்தேன். அதற்குப் பிறகு முப்பது பக்கமாக அவனை மறந்தே போய்விட்டேன்.

"அங்கனயேதான் நிக்கிறான்," என்றேன்.

"பாவம், உள்ள கூப்புடு. மழையில நனையப் போறான்."

இரண்டு பேரும் சிரித்ததில் நாலு பிள்ளைகள் எழுந்துவிட்டன. மறுநாள் அவனை உள்ளே கூப்பிட்டேன். அவன் வந்த பிறகுதான் கதைக்கு முதுகெலும்பு வந்தது.

பதினாறாம் நாள் முடிவில் எண்பத்தொரு பக்கம். விரல் காய்த்துவிட்டது. ஆனால் கால் தரையில் படாத மாதிரி நடந்தேன். முடித்துவிடுவேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பதினேழாம் நாள் காலை செல்வி தன் பத்து மாதப் பிள்ளை கவிதாவைக் கொண்டுவந்தாள். "லேசா தடுமல் ஆயம்மா, ராத்திரி சிணுங்கிக்கிட்டே இருந்துச்சு," என்றாள். தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. தனியாகப் படுக்கவைத்து, மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். ஒன்பதரைக்குத் தாய் வந்து பால் கொடுத்தபோது இரண்டு இழுப்போடு தலையைத் திருப்பிக்கொண்டது. பதினொன்றுக்குக் கஞ்சியையும் தள்ளியது. அதையும் குறித்தேன். பதினொன்றரைக்கு மற்றப் பிள்ளைகளெல்லாம் தூங்கின. நான் கொப்பியை விரித்தேன். அந்தோனியம்மா பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் கவிதா அழுதது. பசி அழுகை, ஈர அழுகை, ஏக்க அழுகை எல்லாம் எனக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரியும். இது ஒன்றிலும் சேராத அழுகை. மெல்லிசாக, உச்சத்தில், கம்பியை இழுத்த மாதிரி. எனக்குக் கேட்டது. கேட்டது என்பதுதான் முக்கியம். அப்போது நான் ஒரு வரியின் நடுவில் இருந்தேன். அந்த வரியை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஹட்டனில் அந்தப் பெண்களிடம் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

துணி மாற்றக் காலைத் தூக்கியதும் பிள்ளை இன்னும் வீரிட்டது. கழுத்தின்கீழ் கை கொடுத்தேன். தலை முன்னால் மடியவில்லை. பலகை மாதிரி விறைத்து நின்றது. உச்சிக்குழியில் விரல் வைத்தேன். பள்ளமாக இருக்க வேண்டிய இடம் மேடாகப் புடைத்திருந்தது. மூன்று வாரப் பயிற்சியில் டொக்டரையா ஒரே ஒரு தடவை சொன்ன விஷயம் அது. அந்தோனியம்மாவைக் கூப்பிட்டுக் காம்பராவை ஒப்படைத்தேன். பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். வழியில் கையிலேயே பிள்ளைக்கு வலிப்பு வந்தது. பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபடி ஓடினேன்.

டொக்டரையா ஒரு கேள்வியும் கேட்காமல் பிள்ளையை வாங்கினார். வலிப்பை நிறுத்த ஓர் ஊசி, பிறகு இன்னோர் ஊசி. கழுத்தைப் பார்த்தார். உச்சியைப் பார்த்தார். "மூளைக் காய்ச்சல் போலை கிடக்கு. லொறியைக் கூப்பிடுங்கோ," என்று வெளியே நின்றவரிடம் கத்தினார். அவர் கத்தி அன்றுதான் கேட்டேன்.

லொறி வரும் வரையில் என் பக்கம் திரும்பினார். "எத்தினை மணிக்குப் பால் மறுத்தது?"

"ஒன்பதரைக்கு ரெண்டு இழுப்பு. பதினொன்னுக்குக் கஞ்சியையும் தள்ளிருச்சு. பன்னெண்டுக்கு அஞ்சு நிமிசம் இருக்கையில இந்த அழுகை."

"அப்ப நீர் என்ன செய்துகொண்டிருந்தனீர்? எழுதிக்கொண்டோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பார்த்தவர்கள் யாருமில்லை. ஆயம்மா வேலையிலிருந்து என்னைத் தூக்கி மறுபடி மலைக்கு அனுப்ப அவர் ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் செல்வி அப்போதுதான் செய்தி கேட்டு, தலைச்சுமையை எங்கேயோ போட்டுவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"ஆமாங்க ஐயா. புள்ள அழுவுற சத்தம் கேட்டுச்சு. ஒரு வரியை முடிச்சிட்டுத்தான் எழும்புனேன்."

அவர் பிள்ளையைத் துணியில் சுற்றினார். லொறி வந்து நின்றது. பெரிய ஆஸ்பத்திரியில் சிங்களத்தில்தான் பேச வேண்டியிருக்கும். செல்விக்குச் சிங்களம் தெரியாது, எனக்குத் தெரியும். "நீரும் ஏறும்," என்றார். நான் ஏறிய பிறகு, "கொப்பியள் எங்கை?" என்று கேட்டார்.

"மேசையில இருக்குங்க."

"அது என்னட்டை இருக்கட்டும்."

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் செல்வியோடு இருந்தேன். பிள்ளையின் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். நர்சுமார் சொன்னதை நான் செல்விக்குத் தமிழில் சொன்னேன், செல்வி கேட்டதை அவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னேன். நாவலைப் பற்றி நினைக்கக்கூட இல்லை. நினைவெல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருந்தது. ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை கவிதா கண் திறந்து தாயின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை வாட்டு டொக்டர், சின்ன வயதுச் சிங்களப் பெண், என்னிடம் சிரித்துக்கொண்டே, "வெலாவட்ட கெனாவ" என்றார். நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று அர்த்தம். இன்னும் அரை நாள் தள்ளியிருந்தால் கையை விரித்திருப்போம் என்றார். அதைச் செல்விக்குத் தமிழில் சொல்லும்போது எனக்கு வார்த்தை உடைந்துவிட்டது. செல்விதான் என்னைப் பிடித்துக்கொண்டாள். செல்வியின் அம்மா துணைக்கு வந்து சேர்ந்த பிறகு நான் தோட்டத்துக்குத் திரும்பினேன்.

இருபத்தோராம் நாள் காலை. செவ்வாயுமில்லை, வெள்ளியுமில்லை. டொக்டரையா காம்பரா வாசலில் நின்றார். கையில் என் கொப்பிகள். வேலை போகப் போகிறது என்றுதான் நினைத்தேன். மேசையில் கொப்பியை வைத்து ஒரு பக்கத்தை விரித்தார். சிவப்புப் பேனையால் ஓர் இடத்தில் வட்டம் போட்டிருந்தார்.

"ஒன்பது மாதப் பிள்ளை பதினாலு கிலோ எண்டு எழுதியிருக்கிறீர். வராது. எட்டு எண்டு மாற்றும்."

நான் கொப்பியைப் பார்த்தேன். எண்பத்தொரு பக்கத்திலும் சிவப்பு அந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

"மிச்சம் எங்கை?" என்று கேட்டார்.

"மிச்சம் இல்லீங்க ஐயா. இனி எழுத மாட்டேன்."

"ஏன்?"

"அந்தப் புள்ள..."

"அந்தப் பிள்ளை பிழைச்சது ஆராலை?" குரல் சற்று உயர்ந்தது. "ஒரு வரி எழுத அரை நிமிசம். அது பிழைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. இனி ஒரு சொல்லின்ரை நடுவிலையும் எழும்பவேணும். ஆனால் கழுத்தைப் பாக்கவேணும், உச்சியைப் பாக்கவேணும் எண்டு அந்த நேரம் உமக்குத் தெரிஞ்சதே, அது பெரிசு. ஒவ்வொரு பிள்ளையையும் அப்பிடி உத்துப் பாக்கிற ஆளாலைதான் இதையும் எழுதேலும்." கொப்பியை என் பக்கம் தள்ளினார். "அந்தப் பவளம் விமானத்திலை ஏறினவள். இறங்கினவளோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும்."

வாசல் வரை போனவர் நின்றார். "இண்டையிலை இருந்து மருத்துவிச்சி அம்மா மத்தியானத்திலை இஞ்சை வருவா. நிறை பாக்கிற வேலை கிடக்கு."

நிறை பார்ப்பது ஒரே காலைப் பொழுதில் முடிகிற வேலை. அந்த மாதம் அது ஆறு நாள் நடந்தது. டிஸ்பென்சரி மருத்துவிச்சி ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணிக்கு வந்து, "எழுதுங்க ஆயம்மா, நான் பார்த்துக்கிறேன்," என்று பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவார். அழுகைச் சத்தம் கேட்டால் நானும் எழுந்துவிடுவேன். பாதிச் சொல்லில் நின்ற இடங்கள் அந்தக் கொப்பியில் நிறைய இருக்கின்றன.

நாளுக்குப் பன்னிரண்டு பக்கம். இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திக்கொண்டு எழுதினேன். லயத்துப் பெண்கள் என் வீட்டுக்குச் சேர்த்துத் தண்ணீர் பிடித்தார்கள். விறகைக் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். செல்வியின் பிள்ளைக்காக நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்பதால்தான். யாரும் யாரிடமும் சொல்லிச் செய்ததில்லை.

கடைசி அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். பவளம் திரும்பி வந்து காம்பரா வாசலில் நிற்கிறாள். பிள்ளை ஆயம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தாயிடம் போக மறுக்கிறது. அதற்குமேல் பென்சில் நகரவில்லை. அந்தோனியம்மாவிடம் சொன்னேன். கஞ்சிக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"நீயா இருந்தா என்னா செய்வே?" என்று கேட்டாள்.

"தெரியலையே."

"நான்னா கதவுக்குப் பின்னால போய் நின்னுக்குவேன். நான் கண்ணுல பட்டா புள்ள போகாது. நான் இல்லாட்டி அழும். அழுதுபுட்டு, தூக்குற கையிக்குப் போவும்."

அப்படியே எழுதினேன். ஆயம்மா கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். உள்ளே பிள்ளை அழும் சத்தத்தைக் கேட்டபடி, அது ஓயும் வரையில் நிற்கிறாள். ஓய்கிறது. அதோடு நாவல் முடிகிறது. இருபத்தாறாம் நாள் மாலை, வெளிச்சம் போவதற்கு முன்னால், வீட்டு வாசலில், நூற்றைம்பத்திரண்டாம் பக்கம். பென்சிலை வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். முத்துவேல் பயந்துபோய், "என்னா, சோறு வேகலையா?" என்றார்.

இருபத்தேழு ஞாயிறு, மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. இரண்டு நாளும் மலையில் வேலையில்லை. கையெழுத்து அழகாக இருந்த மூன்று கொழுந்துப் பெண்களைக் காம்பராவில் உட்கார வைத்தேன். என்னோடு நாலு பேர். ஆளுக்கு ஒரு பகுதி, தாளுக்கு நடுவில் கார்பன். வட்டம் போட்டு விட்டிருந்த இடங்களுக்கெல்லாம் அங்கேயே சொல் தேடினோம். "ஆயம்மா, இந்த எடத்துல இவ இப்புடிப் பேச மாட்டா, வைவா," என்று ஒருத்தி சொல்லுவாள். வைய வைத்தேன். கவிதா அழுதபோது நான் எழுதிக்கொண்டிருந்த அந்த வரியை மட்டும் நானே அடித்தேன். அச்சான புத்தகத்தில் அது கிடையாது.

முப்பத்தோராம் நாள் காலை ரயிலில் கண்டிக்குப் போய், மத்தியானம் ஒன்றரைக்கு இரண்டு பிரதிகளையும் அந்த அலுவலகத்து மேசையில் வைத்தேன். வாங்கிய ஐயா கட்டைக் கையில் தூக்கிப் பார்த்து, "எத்தனை வருசமா எழுதினீங்க?" என்றார். "இந்த மாசந்தாங்க," என்றேன். அவர் நம்பவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தோட்டத்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பெரிய கிளாக்கர் அதைக் காலைப் பெரட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். முதல் பரிசு. புத்தகமாக அச்சிடுகிறார்கள். மலைக்குப் போக வேண்டிய பெண்கள் கூடையை இறக்கிவிட்டு என்னைத் தூக்கினார்கள். நான் பாரமான ஆள், இரண்டு பேர் விழுந்தும் போனார்கள். டொக்டரையா அன்று வந்து, கை கழுவி, கோப்பைகளைப் பார்த்து, புத்தகத்தை விரித்தார். 'நன்று' என்று எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "கோப்பையளைச் சொன்னனான்," என்றார்.

பரிசளிப்பு ஒரு சனிக்கிழமை கண்டியில். தோட்டத்து மனேஜரான தொரை லொறி தந்தார். தாய்மாருக்கு ஒரு நாள் லீவும் தந்தார். காலை ஏழுக்கெல்லாம், இருக்கிற நல்ல சேலையெல்லாம் லொறியில் ஏறியது. செல்வியும் வந்தாள். அந்தோனியம்மாவை நான் கையோடு பிடித்துக் கூட்டிப்போனேன். அவள் இல்லாமல் நான் மேடை ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

மண்டபம் நிறையப் படித்தவர்கள். எங்கள் ஆட்கள் பின்வரிசைகளில் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அறிவிப்பாளர், "முதற் பரிசு பெறும் ஆசிரியை திருமதி பரமேஸ்வரி முத்துவேல் அவர்களை அன்போடு அழைக்கிறோம்," என்றார். நாவல் எழுதியவள் டீச்சராகத்தான் இருப்பாள் என்று அவராகவே நினைத்திருக்கிறார். மேடையில் பேசச் சொன்னார்கள். எழுதிக் கொண்டுபோன தாளை விரித்தேன். வாசிக்கத் தோன்றவில்லை.

"நான் டீச்சர் இல்லைங்க," என்றேன். "தோட்டத்துல புள்ளக் காம்பரா ஆயம்மா."

 பின்வரிசைகளில் எங்கள் பெண்கள் எழுந்து நின்றார்கள். கை தட்டினார்கள், குலவை போட்டார்கள், ஒருத்தி விசிலும் அடித்தாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் எழுந்தார்கள்.

பரிசு கொடுக்க வந்திருந்த பேராசிரியர் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார்: "யாரம்மா இவங்க எல்லாரும்?"

"இவங்க புள்ளைங்களத்தான் சார் நான் பார்த்துக்கிறேன்."

"அப்போ இன்னைக்குப் பிள்ளைகளை யார் பார்க்கிறது?"

"எங்க டொக்டரையாங்க," என்றேன். "காலையில ஆறே முக்காலுக்கே வந்து என் வெள்ளை ஏப்ரனை வாங்கி மாட்டிக்கிட்டாரு. மருத்துவிச்சி அம்மா தொட்டில ஆட்டுறாங்க, அவரு கஞ்சி ஊட்டிக்கிட்டு இருக்காரு."